சவரக்கத்தியும் பேனாக்கத்தியும்

சரித்திரம் என்று நம் சிறுவர்கள் பள்ளிக்கூடங்களில் நெட்டுருப் பண்ணுவன பெரும்பாலும் வேந்தர்களின் பெயர்களும் போர்கள் நிகழ்ந்த ஆண்டுகளுமே யாகும். கோயில் எடுப்பித்த மன்னன் பெயர் கல்லில் நிற்கின்றது. அக் கல்லைச் சிலையாக்கியவன் பெயரோ பெரும்பாலும் இல்லை. தேர் செய்வித்த செல்வன் பெயரை ஊரார் அறிவர். அத் தேரின் நாற்புறமும் யாளியையும் குதிரையையும் மரத்தில் எழுப்பிய தச்சன் பெயரை அவன் பேரப்பிள்ளைகளும் அறியார். உழைப்பவன் கை பொருளைத் தருகின்றது. பெயரைப் பிறர் எடுத்துக்கொள்கின்றனர். இஃது ஒரு நாட்டின் குறை மட்டுமன்று. உலகெங்கும் உள்ள வழக்கம்.

இவ்வழக்கத்துக்கு மாறாய்த் தம் பெயரை நிலைநாட்டிச் சென்ற ஒருவரின் வரலாற்றை இங்கு எழுதப் புகுகின்றோம். அவர் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஓர் உழவரின் மகன், தொழிலால் முடிதிருத்துவோர், கையால் மரச் சிற்பி. பெயர் எலைஜா பியர்ஸ். 1892-இல் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியிலுள்ள ஒரு நாட்டுப்புறத்தில் பிறந்து, 92 ஆண்டுகள் வாழ்ந்து, 1984-இல் மறைந்தார். அவர் நம் நாட்டவர் அல்லர். நம் மொழியினரும் அல்லர். ஆயினும், உழைப்பாளியின் கையிலுள்ள கலையைக் கலையென்று சொல்லும் உரிமை யாருக்கு உண்டு என்னும் வினாவை அவர் வாழ்க்கை நம் முன் வைக்கின்றது. தோட்டத்திலும் பட்டணத்திலும் கையால் உழைத்து வாழ்ந்த குலத்தினராகிய நமக்கு அவ்வினா அயலான தன்று.

பிறந்த மண்

1865-இல் அமெரிக்க அரசியல் சட்டத்தில் 13-ஆம் திருத்தம் நிறைவேறியதும் அடிமை முறை சட்டத்தினின்று நீங்கிற்று. கால் விலங்கு கழன்றதேயன்றி, காலடி வைக்கச் சொந்த நிலம் கிடைத்ததில்லை. பருத்திக் காடுகள் பழைய முதலாளிகள் கையிலேயே நின்றன. விடுதலை பெற்றவர்களிற் பலர், முன்னர் அடிமைகளாய் உழைத்த மண்ணிலேயே வாரக்குடிகளாய், கடனாளிகளாய் மீண்டும் உழைக்கலாயினர். மிஸ்ஸிஸிப்பி மாகாணம் 1890-இல் தனக்கென இயற்றிக்கொண்ட புதிய அரசியல் சட்டம், எழுத்தறிவுச் சோதனை, தலைவரி என்னும் இரண்டையும் காட்டிக் கறுப்பு மக்களின் வாக்குரிமையைப் பறித்துக்கொண்டது.

அச் சட்டம் பிறந்து இரண்டாண்டுகள் சென்றபின், 1892 மார்ச் மாதம் 5-ஆம் நாள், அதே மாகாணத்தில் பால்ட்வின் என்னும் சிற்றூருக்கு அருகே, மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஒரு வீட்டில் எலைஜா பிறந்தார். தந்தை ரிச்சர்டு பியர்ஸ் அடிமை வாழ்வைத் தாமே கண்டவர். விடுதலைக்குப் பின் உழவராகவும், ஊர்த் திருச்சபையில் மதிப்புடைய தொண்டராகவும் விளங்கினார். தாயின் பெயர் நெல்லி. அந்தத் தந்தை மகனுக்கு அளித்த செல்வம் ஒரு பேனாக்கத்தி. சிறுவன் அதைக் கொண்டு, கண்ணிற்பட்ட மாட்டையும் குதிரையையும் நாயையும் கிடைத்த கட்டைகளிற் செதுக்கத் தொடங்கினான். காட்டு மரங்களின் பட்டைகளிலும் உருவங்கள் கீறினான். அவனுடைய தாய்மாமன் லூயிஸ் வாலஸ், எந்த மரம் கத்திக்கு இளகும், எது பிளந்துபோகும், எதன் ரேகை எப்பக்கம் ஓடும் என்னும் மர அறிவைப் புகட்டினார்.

இச் செய்தியை வாசகர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும். பிற்காலத்தில் கற்றோர் சிலர் பியர்ஸைப் ‘பயிலாக் கலைஞர்’ என்று வகைப்படுத்தினர். கலைப் பள்ளியிற் பயிலவில்லை என்பது மெய். ஆனால் மாமன் சொல்லித் தந்ததும், காடு கற்பித்ததும் பயிற்சி யன்றோ? பட்டம் பெற்ற ஆசிரியரிடம் கற்றால் கல்வி, பாட்டனிடமும் மாமனிடமும் கற்றால் கல்வியன்று என்பது எந்த நியாயம்?

தொழிலும் ஓட்டமும்

எலைஜாவுக்கு ஏரில் மனம் செல்லவில்லை. இளம் பருவத்திலேயே பால்ட்வின் ஊரிலிருந்த ஒரு முடிதிருத்தும் கடையை அணுகி அத் தொழிலைக் கற்றுக்கொண்டார். அமெரிக்காவில் அத்தொழிலுக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. அடிமைக் காலத்தில், பிறர் முகத்தை மழிப்பதும் தலையைத் திருத்துவதும் ஏவலாள் செய்யத்தக்க தாழ்ந்த பணி என்று வெள்ளையர் கருதினர். ஆதலால் அது பெரிதும் கறுப்பு மக்கள் கையிலே விடப்பட்டது. தாழ்வு என்று தள்ளப்பட்ட அத் தொழிலையே பற்றிக்கொண்டு அம் மக்களிற் பலர் சொந்தக் கடையும் சொந்தக் காசும் கண்டனர். முதலாளியின் கண்ணுக்கு அப்பால், தம் மக்கள் கூடி மனம்விட்டுப் பேசுவதற்கு ஓர் இடமாகவும் அக்கடைகள் அமைந்தன. நம் நாட்டிலும் அதே தொழிலைச் செய்தோரைச் சாதியின் பேரால் ஒதுக்கி வைத்த கதையை நாம் நன்கறிவோம். இரண்டு நாடுகள், இரண்டு நிறங்கள், அகந்தை ஒன்றே.

1915-இல் எலைஜா, ஜெட்டா பாம் என்னும் பெண்ணை மணந்தார். ஒரு மகன் பிறந்தான். சிறிது காலத்திற்குள் ஜெட்டா இறந்துபோனார். அதன் பிறகு அவர் ஓரூரில் நிலைத்திருக்கவில்லை. இரயில்பாதை வேலைகளும் கூலி வேலைகளும் செய்துகொண்டு, ஊர்விட்டு ஊர் திரிந்தார். 1920-இல் தம் ஊர்த் திருச்சபையாகிய மவுண்ட் சயன் பாப்டிஸ்டு சபையில் போதகருக்குரிய அனுமதியும் பெற்றார்.

அவருடைய இளமையில் நிகழ்ந்த ஒரு கொடுமையை இங்குக் குறிப்பிடாதிருக்க இயலாது. ஒரு வெள்ளையனைக் கொன்றுவிட்டான் என்று தேடப்பட்ட வேறொருவன் என எண்ணி, ஒரு கும்பல் எலைஜாவைத் துரத்திற்று. உயிர் தப்பியது பெரும்பாடாயிற்று. இஃது ஏதோ ஒருநாள் நிகழ்ந்த தவறு என்று நினைத்துவிடுதல் கூடாது. 1882 முதல் 1968 வரையில் விசாரணையின்றிக் கும்பல்கள் செய்த கொலைகளை டஸ்கீஜி கல்லூரியினர் ஆண்டுதோறும் எண்ணி வைத்தனர். அக் கணக்கின்படி, மிஸ்ஸிஸிப்பி மாகாணத்தில் மட்டும் மாண்டோர் 581 பேர். மாகாணங்கள் அனைத்தினும் அதுவே மிகுதி. அக் கணக்கில் இன்னும் ஒன்று கூடாமற் போனதாலேயே உலகம் ஒரு சிற்பியைப் பெற்றது. பல்லாண்டுகள் கழித்து, 1950-களில், அந்நிகழ்ச்சியை ஒரு பலகையிற் செதுக்கி, ‘எலைஜா கும்பலிடமிருந்து தப்புகின்றான்’ என்று பெயரிட்டார். நீதிமன்றம் எழுதி வையாத சாட்சியத்தை அவரே மரத்தில் எழுதி வைத்தார்.

1910-க்கும் 1970-க்கும் இடையே ஏறத்தாழ 60 இலட்சம் கறுப்பு மக்கள் தென் மாகாணங்களை விட்டு வடக்கு, மேற்குப் பட்டணங்களுக்குக் குடிபெயர்ந்தனர். பசியும் அச்சமும் பின்னின்று தள்ள, கூலியும் மானமும் முன்னின்று அழைக்க, மூட்டையைக் கட்டிக்கொண்டு புறப்பட்ட கூட்டம் அது. கப்பலேறிக் கடல் கடந்த முன்னோர்களை உடைய நமக்கு அம் மூட்டையின் கனத்தை எவரும் எடுத்துச்சொல்ல வேண்டுவதில்லை. அக் கூட்டத்தில் எலைஜாவும் ஒருவரானார். கார்னீலியா ஹூஸ்டன் என்னும் பெண்மணியை 1923-இல் மணந்து, அவருடைய ஊராகிய ஒஹையோ மாகாணத்துக் கொலம்பஸ் நகரில் குடியேறி, முடிதிருத்தும் தொழிலைத் தொடர்ந்தார்.

ஒரு சிறிய யானை

பட்டணத்து வாழ்வில் பேனாக்கத்தி பல நாள் சும்மா கிடந்தது. 1920-களின் பிற்பகுதியில் மனைவியின் பிறந்த நாளுக்கென்று ஒரு சிறிய யானையை மரத்தில் செதுக்கிக் கொடுத்தார். கார்னீலியா அதைக் கண்டு பெரிதும் மகிழ்ந்தார். இவ்வளவு பிடித்திருந்தால் ஒரு மிருகக்காட்சிசாலையையே செய்து தருவேன் என்று கணவர் வாக்குக் கொடுத்தாராம். கொடுத்தபடியே விலங்குகள் ஒவ்வொன்றாய்ப் பிறக்கலாயின. பெரிய கலைக்கூடத்தாரோ செல்வரோ அவரைத் தூண்டியதில்லை. வீட்டுப் பெண் ஒருத்தி, கணவன் கையை மதித்தாள். அம் மதிப்பிலிருந்து ஒரு கலை எழுந்தது.

விலங்குகளோடு நில்லாமல், அவர் பலகையிற் புடைப்புச் சிற்பங்கள் செய்யத் தொடங்கினார். கதையை ஒரே உருவத்தில் அடக்க முடியாது. பலகையோ பல உருவங்களுக்கும் இடம் தரும். உருவங்களைத் தனித்தனியே செதுக்கிச் சாயம் தீட்டிப் பலகைமேற் பொருத்துவதும், பலகையிலேயே குடைந்து உருவங்களை எழுப்புவதும் ஆகிய இரு முறைகளையும் கையாண்டார். 1932-இல் ‘மர நூல்’ என்னும் பெரும்படைப்பை முடித்தார். தாளுக்குப் பதிலாகப் பெரிய பலகைகளையே ஏடுகளாகக் கொண்டு, இயேசுவின் வரலாற்றைக் காட்சி காட்சியாகச் செதுக்கிய நூல் அது. நாடெங்கும் தொழிற்சாலைகள் மூடிக் கிடந்து, வேலையற்றோர் தெருவில் நின்ற பொருளாதாரப் பெருவீழ்ச்சிக் காலத்தில், வருவாய் ஏதும் எதிர்பாராமல் ஒரு முடிதிருத்துவோர் இந்நூலைச் செய்தார் என்பது கருதத்தக்கது.

1930-களிலும் 1940-களிலும், கோடைகாலந்தோறும் கணவனும் மனைவியுமாக அச் சிற்பங்களை ஏற்றிக்கொண்டு ஊரூராய்ச் சென்றனர். சந்தைகளிலும் திருச்சபைகளிலும் அவற்றை வைத்து, ஒவ்வொரு காட்சியையும் சுட்டிக்காட்டிக் கதை சொன்னார் எலைஜா. ஏடு படிக்க வாய்ப்பில்லாத மக்கள் மரத்தைப் படித்தனர்.

கத்தி பேசிய பொருள்கள்

அவர் கருவிகளைக் கேட்டால் வியப்புண்டாகும். பேனாக்கத்தி, உளி, உடைந்த கண்ணாடிச் சில்லு, உப்புத்தாள்: இவ்வளவே. கண்ணாடிச் சில்லால் சுரண்டி மரத்தை வழவழப்பாக்குவார். பிறகு வீட்டுக்கு அடிக்கும் சாதாரணச் சாயத்தை எடுத்துத் தீட்டுவார். சில பலகைகளில் ஜிகினாத் தூளையும் தூவி ஒளியேற்றுவார். வறியவன் வீட்டில் உள்ள பொருள்களே அவருக்குப் போதுமாயிருந்தன.

செதுக்கிய பொருள்களோ மிகப் பல. விவிலியக் கதைகள் மிகுதி என்பது மெய்யே. 1930-களில் தொடங்கிச் செய்த ‘சிலுவையேற்றம்’ அவருடைய பெரும்படைப்புக்களுள் ஒன்று. நடுவே சிலுவைகள் நிற்க, சுற்றிலும் எண்ணற்ற சிறிய உருவங்கள் பலகை முழுதும் பரவிக் கிடக்கும். அது புறத்தே கண்ட காட்சி யன்று. தம் மக்கள் பட்ட பாட்டை அறிந்தவர் கையிலிருந்து வந்த காட்சி. மரத்தில் தொங்கவிடப்பட்ட மனிதன் என்றால், மிஸ்ஸிஸிப்பியிற் பிறந்த கறுப்பு மனிதருக்குப் பழங்கதை மட்டுமாய் இருத்தல் இயலுமா?

1956-இல் செய்த ஒரு பலகையில் தம் இளமையிற் கண்டதாக அவர் நம்பிய ஒரு காட்சியை வைத்தார். வேதப் புத்தகத்தை விட்டுவிட்டு, சீயர்ஸ் ரோபக் என்னும் வாணிகக் கழகத்தின் விலைப்பட்டியலை எடுத்துப் படித்தபோது, ஒரு கை தம் தலையைத் தொட்டதென்றும், தாம் உணர்வற்று வீழ்ந்ததாகவும், வீட்டார் இறந்தேன் என்றே எண்ணியதாகவும் அவர் சொல்வதுண்டு. போதகராகும்படி வந்த அழைப்புக்குப் பணியாமல் ஓடியதால், அதற்கு ஈடாக மரத்தில் போதிக்கும் கடமை தமக்கு விதிக்கப்பட்டது என்பது அவர் கொள்கை. இக் காட்சியை நம்புவதும் நம்பாததும் வாசகர் அறிவுக்கு விடத்தக்கது. பலகையோ எல்லார் கண்ணுக்கும் உண்மையாய் நிற்கின்றது. ஒரு சிற்றூர் வீட்டினுள்ளே வேதப் புத்தகமும் கடைக்காரன் விலைப்பட்டியலும் அருகருகே கிடந்த ஒரு காலத்தை அது நமக்குக் காட்டுகின்றது. சரித்திர ஆசிரியர்கள் பலர் எழுதாத செய்தி அது.

சமயத்தோடு அவர் கத்தி நின்றுவிடவில்லை. 1934-இல் ‘திங்கட்கிழமைக் காலை வம்பு’ என்று தம் அக்கம்பக்கத்தாரின் வாயையும் செதுக்கினார். நாட்டுத் தலைவர்களையும் கைதிகளையும் ஒரே பலகையில் வைத்து, ‘குடியரசுத் தலைவர்களும் கைதிகளும்’ என்று பெயரிட்டார். தம் தந்தையார் கண்ட அடிமைக் காலத்தைச் செதுக்கினார். 1937 முதல் 1949 வரை உலகக் குத்துச்சண்டை வீரர்களுள் முதல்வராய்த் திகழ்ந்த ஜோ லூயியைச் செதுக்கினார். ஒரு கறுப்பு மனிதன் வெள்ளையனை வளையத்துக்குள் வீழ்த்தக் கண்டு ஓர் இனமே நிமிர்ந்த காலம் அது. மார்ட்டின் லூதர் கிங்கையும், கென்னடி உடன்பிறந்தாரையும் சேர்த்துச் செதுக்கினார்; மூவரும் 1960-களில் துப்பாக்கிக்கு இரையானவர்கள். விலைவாசி ஏற்றம் குடியரசுத் தலைவர் நிக்ஸனைத் துரத்துவதாகவும் ஒரு பலகை உண்டு. பத்திரிகையில் தலையங்கம் எழுத இடமில்லாதவர், தம் கருத்தைப் பலகையில் வெளியிட்டார்.

லாங் தெருக் கடை

1948-இல் கார்னீலியா காலமானார். 1952-இல் எஸ்டெல் கிரீன் என்பவரை எலைஜா மணந்துகொண்டார். அதே 1950-களின் முற்பகுதியில், கொலம்பஸ் நகரின் லாங் தெருவில் தமக்கென ஒரு முடிதிருத்தும் கடையைக் கட்டினார். பிறர் கடையிற் கூலிக்கு நின்றவர் தம் கூரையின்கீழ் நின்றார்.

அக்கடை ஒரு வேடிக்கையான கடை. ஒரு பக்கம் நாற்காலியும் சவரக்கத்தியும் முகம் பார்க்கும் கண்ணாடியும். மற்றொரு பக்கம் பலகைகளும் உளியும் சாயக் குவளையும். ஆள் வந்தால் சவரக்கத்தி. ஆள் இல்லாத வேளையில் பேனாக்கத்தி. முடிவெட்டிக்கொள்ள வந்தவர் சுவரில் தொங்கும் ஆதாம் ஏவாளைப் பார்ப்பார், விளக்கம் கேட்பார், கதை பிறக்கும். அக்கடைக்கு நுழைவுச் சீட்டு இல்லை, காவற்காரன் இல்லை, கந்தை உடுத்தவன் உள்ளே வரலாகாது என்னும் பலகையும் இல்லை. சிற்பங்களை அவர் பலருக்கு இனாமாகவே கொடுத்துவிடுவதுண்டு. பல ஆண்டுகளாக, ஓர் ஏழைத் தெருவின் மக்கள் தம்மிடையே ஒரு கலைஞரை வைத்துக்கொண்டு, அவர் செய்தவற்றைக் கண்டும், அவர் சொன்னவற்றைக் கேட்டும் வாழ்ந்தனர்.

கண்டெடுத்தவர் யார்?

1971-இல் போரிஸ் குரூன்வால்டு என்னும் இளைஞர், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தில் வைக்கப்பட்டிருந்த ஒரு கண்காட்சியில் பியர்ஸின் சிற்பங்களைக் கண்டார். அவர் யூகோஸ்லாவியாவிலிருந்து வந்து, ஒஹையோ மாகாணப் பல்கலைக்கழகத்தில் சிற்பக்கலை பயின்றவர். கண்டவர் வாளா இருக்கவில்லை. பல்கலைக்கழகத்திற் கண்காட்சி வைக்க ஏற்பாடு செய்தார். நியூயார்க் முதலிய நகரங்களுக்கும் பியர்ஸின் பெயர் எட்டும்படி உழைத்தார். அப்போது பியர்ஸுக்கு வயது 79. 1973-இல், யூகோஸ்லாவியாவின் ஸாக்ரெப் நகரில் நடந்த உலகக் கண்காட்சியில் முதற் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1980-இல் பிராங்க்ளின் பல்கலைக்கழகம் சிறப்பு டாக்டர் பட்டம் அளித்தது. 1982-இல் அமெரிக்க அரசாங்கத்தின் தேசியக் கலை நிறுவனம், மரபுக் கலைஞர்களுக்கென்று புதிதாக ஏற்படுத்திய விருதை 15 பேருக்கு வழங்கியபோது, அவர்களுள் பியர்ஸும் ஒருவர். தென் கரோலினாவிலிருந்து வந்த பிலிப் சிம்மன்ஸ் என்னும் கொல்லரும், நியூ மெக்ஸிகோவின் கோர்டோவா என்னும் மலையூரைச் சேர்ந்த ஜார்ஜ் லோபெஸ் என்னும் மரச் சிற்பியும் அவரோடு விருது பெற்றனர். கொல்லரும் தச்சரும் முடிதிருத்துவோரும் ஒரு நாட்டின் செல்வம் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட நாள் அது.

இதனை எழுதிய பலரும், 1971-இல் பியர்ஸ் ‘கண்டெடுக்கப்பட்டார்’ என்று எழுதினர். குரூன்வால்டின் பெருந்தன்மையை நாம் போற்றுகின்றோம். அவர் முயலாவிடின் பல சிற்பங்கள் சிதறி அழிந்திருத்தல் கூடும். ஆயினும் ‘கண்டெடுத்தல்’ என்னும் சொல்லைச் சற்று உரைத்துப் பார்த்தல் வேண்டும். காணாமற் போன பொருளையன்றோ கண்டெடுப்பார்கள்? பியர்ஸ் எங்கே காணாமற் போனார்? கடை திறந்தே இருந்தது. கார்னீலியா கண்டார், சபையார் கண்டனர், சந்தைக்கு வந்த உழவர் கண்டனர், முடிவெட்டிக்கொள்ள வந்த கூலிக்காரர் கண்டனர். அவர்கள் கண்டது கணக்கில் வரவில்லை. பல்கலைக்கழகத்தார் கண்டதே கணக்கில் வந்தது. அவ்வளவே நடந்தது. அமெரிக்காவில் மாநகரக் கலைக்கூடங்கள் பியர்ஸை அறியாதிருந்தன; தம் அறியாமை நீங்கிய ஆண்டை அவருடைய பிறப்பாண்டு போலக் கொண்டாடின.

ஸாக்ரெப் நகரத்தார் தந்த பரிசும் ‘வெகுளிக் கலை’ என்னும் பெயரின் கீழேயே வந்தது. வெகுளி என்றால் சூது அறியாதவர் என்று பொருள். கும்பலின் கையிலிருந்து தப்பியவரும், குடியரசுத் தலைவர்களையும் கைதிகளையும் ஒரே பலகையில் வைத்தவரும் உலகத்தின் சூதை அறியாதவரா? மேலிருந்து கீழ் நோக்கித் தரும் மதிப்பில் இத்தகைய கலப்பு அடிக்கடி உண்டு. மதிப்பை ஏற்கலாம், கலப்பை அறிந்துகொள்ளல் நன்று.

பியர்ஸ் பெயர் பெற்ற பின்னும் தம் தெருவையும் தொழிலையும் வெறுக்கவில்லை. லிராய் ஆல்மன் என்னும் இளையவர் ஒருவர் அவரை அடுத்து மரவேலை கற்றார். ஜார்ஜியா மாகாணத்துக்குத் திரும்பிய பிறகும் ஆல்மன் செதுக்கிக்கொண்டே இருந்தார். மாமன் மருமகனுக்குத் தந்த கல்வி, எழுபது எண்பது ஆண்டுகளுக்குப் பின், குருதி உறவு இல்லாத ஒருவருக்குச் சென்று சேர்ந்தது. பட்டங்களினும் பரிசுகளினும் இதுவே ஒரு கலையின் உண்மையான வாழ்வு.

1984 மே மாதம் 7-ஆம் நாள் எலைஜா பியர்ஸ் காலமானார். அடுத்த ஆண்டில் கொலம்பஸ் கலைக்கூடம் அவருடைய சிற்பங்களில் நூற்றுக்கு மேற்பட்டவற்றை விலைக்கு வாங்கிற்று. அவர் படைப்புக்களின் மிகப்பெரிய தொகுப்பு இன்று அங்கேயே உள்ளது. 2020-இல் பிலடெல்பியா நகரத்துப் பார்ன்ஸ் நிறுவனம் அவருக்கென்று ஒரு பெருங் கண்காட்சி நடத்தி, அதற்கு ‘எலைஜா பியர்ஸின் அமெரிக்கா’ என்று பெயர் வைத்தது. அவர் பிறந்தபோது அவர் இனத்துக்கு வாக்குரிமையை மறுத்த நாட்டை, இப்போது அவருடைய நாடு என்று ஒரு கலைக்கூடத்தார் எழுதினர். ஒரு பேனாக்கத்தி செய்த வேலை இது.

நமக்கு ஒரு சொல்

இவ்வரலாற்றைப் படித்து வியந்து, இதழை மடித்து வைத்துவிட்டால் நாம் எழுதியதன் பயன் பாதியே யாகும். நம் தோட்டங்களிலும் இத்தகைய கைகள் இருந்தன. பால்மரம் வெட்டிய கத்தியை வைத்துவிட்டு, மாலை வேளையில் பிள்ளைக்கு நடைவண்டி செய்தவர் இருந்தார். பலா மரத்தைக் குடைந்து மத்தளக் கட்டை செய்தவர் இருந்தார். கட்டையில் கிளியும் மானும் செதுக்கி, லயத்து வாசலில் வைத்தவர் இருந்தார். அவர்களை நாம் கங்காணியின் கணக்குப் புத்தகத்தில் ஓர் எண்ணாகவே விட்டுவிட்டோம். தோட்டங்கள் பல துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, குடும்பங்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்துவிட்ட பின், அவர்கள் செய்த பொருள்களிற் பல குப்பையோடு போயின. மிஞ்சியவை சில, வீட்டு மூலையிலும் பரண்மேலும் கிடக்கின்றன.

அவற்றைப் பிறர் வந்து கண்டெடுக்கும்வரை நாம் காத்திருத்தல் வேண்டுமா? அது நம் கண்ணை நாமே இழிவுபடுத்துவதாகும். வீட்டிலுள்ள அத்தகைய பொருளை எடுத்துத் துடையுங்கள். செய்தவர் பெயர் என்ன, எந்தத் தோட்டம், எந்த மரம், எந்த ஆண்டு, யாரிடம் கற்றார் என்பவற்றை வயது முதிர்ந்தோரைக் கேட்டு ஒரு தாளில் எழுதி, அப்பொருளோடு கட்டி வையுங்கள். பிள்ளைகளுக்கு அத்தாளைப் படித்துக் காட்டுங்கள். செய்தவர் செய்த தொழில் எதுவாயினும், அதை எழுத வெட்கப்பட வேண்டா. கொலம்பஸ் நகரக் கலைக்கூடத்தார் எலைஜா பியர்ஸைப் பற்றி எழுதும்போது, அவர் முடிதிருத்துவோர் என்பதை மறைப்பதில்லை.